ஆளும் உரிமையைக் கொடுத்தது யார்?

ஒரு நாட்டை ஆள ஒருவருக்கு உரிமை எப்படி வருகிறது?

தந்தை அரசராக இருந்தால் மகனுக்கு வரலாம். பட்டாளத்தைக் கொண்டு பறித்துக்கொள்ளலாம். மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கலாம். "கடவுளின் சட்டம் எனக்குத் தெரியும். அதனால் ஆளும் பொறுப்பு என்னுடையது" என்று சொல்லியும் வரலாம்.

இந்த நான்கையும் ஒரே நூற்றாண்டுக்குள் பார்த்துவிட்ட நாடு ஈரான். பழைய பூகோளப் புத்தகங்களில் பாரசீகம் என்று இருக்குமே, அதே நாடுதான்.

ஈரான் தலைவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்குவாதம் கிளம்புகிறது.

"மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்காத ஒரு மத குரு எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். இது நியாயமான ஆட்சியா?" என்று மேல்நாட்டார் கேட்கிறார்கள்.

"உங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? குறைந்த ஓட்டு வாங்கியவர் ஜனாதிபதி ஆகவில்லையா? ஓட்டே வாங்காதவர்கள் பிரபுக்கள் சபையில் உட்காரவில்லையா?" என்று ஈரான் தரப்பார் திருப்பிக் கேட்கிறார்கள்.

வெறும் வாய்ச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். 2025–ம் ஆண்டு ஜூன் 13–ந் தேதி இஸ்ரேல் விமானங்கள் ஈரான் மீது குண்டு வீசின. ஜூன் 22–ந் தேதி அமெரிக்க விமானங்களும் வீசின. 12 நாள் நடந்த அந்தச் சண்டையின்போது, "ஈரானில் ஆட்சியே மாறவேண்டும்" என்ற பேச்சு இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பலமாக எழுந்தது.

ஆகவே இது உயிர் போகும் கேள்வி. இரு தரப்பு வாதத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அரசர் போட்ட கையெழுத்து

1906–ம் ஆண்டிலேயே ஈரான் மக்கள் கிளர்ச்சி செய்து, அரசரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பார்லிமெண்டை அமைத்தார்கள். ஆசியாவில் இப்படி எழுந்த முதல் நாடுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தப் பார்லிமெண்டு நிம்மதியாக வாழவில்லை. ராணுவத் தளபதி ரேசா கான் 1925–ம் ஆண்டில் தாமே அரசர் ஆனார். 1941–ம் ஆண்டில் இங்கிலாந்துப் படையும் ரஷியப் படையும் ஈரானுக்குள் புகுந்தன. ரேசா முடி துறந்தார். அவருடைய மகன் முகமது ரேசா அரசர் ஆனார். ஈரான் மக்களை யாரும் கேட்கவில்லை.

1951–ம் ஆண்டில் முகமது மொசாதிக் பிரதமர் ஆனார். ஈரானின் எண்ணெய்க் கிணறுகளை அதுவரை ஒரு பிரிட்டிஷ் கம்பெனி நடத்தி வந்தது. பார்லிமெண்டு அதை நாட்டுடைமை ஆக்கிச் சட்டம் செய்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மொசாதிக்.

இங்கிலாந்துக்குக் கோபம். அமெரிக்காவுக்குக் கம்யூனிஸ்டு பயம். இரண்டு நாட்டு உளவு இலாகாக்களும் சேர்ந்து சதி செய்தன. 1953–ம் ஆண்டு ஆகஸ்டு 19–ந் தேதி மொசாதிக் கவிழ்க்கப்பட்டார். வெளிநாட்டுக்கு ஓடியிருந்த அரசர் திரும்பி வந்தார்.

இது வெறும் வதந்தி அல்ல. அமெரிக்காவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி ஆல்பிரைட் 2000–ம் ஆண்டில் பகிரங்கமாகச் சொன்னார். 2013–ம் ஆண்டில் வெளியான சி.ஐ.ஏ. தஸ்தாவேஜுகளிலும் அது இருக்கிறது.

மொசாதிக்கும் குறை இல்லாதவர் அல்ல. கவிழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னால், பார்லிமெண்டைக் கலைக்க அவர் ஒரு பொது ஓட்டெடுப்பு நடத்தினார். "சரி" என்பவர்களுக்கு ஓர் இடம். "வேண்டாம்" என்பவர்களுக்கு வேறு இடம். யார் எதற்கு ஓட்டுப் போடுகிறார் என்பது தெருவுக்கே தெரிந்தது! 99 சதவீதத்துக்கு மேல் "சரி" என்று வந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் ஈரான் மக்கள். தீர்த்து வைத்தவர்களோ வெளிநாட்டார்.

மேல்நாட்டார் ஜனநாயக உபதேசம் செய்யும்போதெல்லாம் ஈரானில் பலருக்கு நினைவு வருவது 1953–தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்தக் கதையாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அதில் தவறு இல்லை.

புரட்சி வந்தது

அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் அரசர் ஆட்சி. "சவாக்" என்ற ரகசிய போலீஸ் ஜனங்களை நடுங்க வைத்தது. 1975–ம் ஆண்டில் நாட்டில் ஒரே கட்சிதான் என்று அரசர் அறிவித்தார்.

1979–ம் ஆண்டு ஜனவரியில் மக்கள் கிளர்ச்சி தாங்காமல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். பிப்ரவரி 1–ந் தேதி, நாடு கடத்தப்பட்டிருந்த ஆயதுல்லா கோமேனி திரும்பி வந்தார்.

மார்ச் கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தது. "இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, வேண்டாமா?" என்பது ஒன்றே கேள்வி. வேறு எந்த ஆட்சி முறையையும் எழுதிக்கொடுக்க அதில் இடம் இல்லை. 98 சதவீதத்துக்கு மேல் "வேண்டும்" என்று முடிவு அறிவிக்கப்பட்டது.

ஒரு பூட்டு, இரண்டு சாவி

அந்த ஆண்டே புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. உலகில் வேறு எங்கும் இல்லாத விசித்திரமான சட்டம் அது.

ஷியா முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி 12–வது இமாம் மறைந்திருக்கிறார். ஒரு நாள் திரும்பி வருவார். அதுவரை சமூகத்தை வழி நடத்தும் பொறுப்பு, மார்க்கச் சட்டம் அறிந்த அறிஞருக்கு உண்டு என்று கோமேனி வாதித்தார். 1970–ம் ஆண்டில் ஈராக்கில் உள்ள நஜப் நகரில் இதைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். ஷியா அறிஞர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மார்க்க அறிஞர் புத்தி சொல்லலாம், அரசாள வேண்டியதில்லை என்று சொன்ன பெரியவர்களும் உண்டு.

கோமேனியின் கருத்து சட்டத்தில் ஏறியது. எல்லோருக்கும் மேலே ஓர் உச்ச தலைவர். முப்படைக்கும் அவரே அதிபதி. நீதி இலாகாவின் தலைவரை அவர் நியமிப்பார். ரேடியோ, டெலிவிஷன் தலைவரையும் அவரே நியமிப்பார்.

அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாட்டுக் காரியங்கள் மக்கள் ஓட்டின்படி நடக்கவேண்டும் என்று அது சொல்லுகிறது. ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். பார்லிமெண்டையும் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆக, ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று கடவுள் பெயரில். இன்னொன்று மக்கள் பெயரில். இரண்டும் ஒரே பக்கம் திரும்பினால் தொல்லை இல்லை. எதிர் எதிராகத் திரும்பினால்?

1981–ம் ஆண்டிலேயே விடை தெரிந்துவிட்டது. மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஜனாதிபதி பனி சதர், மத குருமாருடன் மோதினார். பார்லிமெண்டு அவருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. கோமேனி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அவர் பிரான்சுக்குத் தப்பி ஓடினார்.

சல்லடையில் சலித்த வேட்பாளர்கள்

ஈரானில் தேர்தலுக்குக் குறைவு இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் நின்றுவிட முடியாது.

காவலர் சபை என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 12 பேர். 6 பேர் மார்க்க அறிஞர்கள். அவர்களை உச்ச தலைவர் நியமிக்கிறார். மற்ற 6 பேர் வக்கீல்கள். அவர்கள் பெயரை நீதி இலாகாவின் தலைவர் கொடுக்கிறார், பார்லிமெண்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதி இலாகாத் தலைவரை நியமிப்பவரும் உச்ச தலைவர்தான்!

இந்தச் சபை "சரி" என்றால்தான் ஒருவர் தேர்தலில் நிற்கலாம்.

2021–ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு 592 பேர் மனுச் செய்தார்கள். சபை 7 பேரை மட்டும் விட்டது. 2024–ம் ஆண்டில் 80 பேர் மனுச் செய்தார்கள். 6 பேருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு வரை எத்தனையோ பெண்கள் மனுக் கொடுத்தும், ஒரு பெண்ணைக்கூட ஜனாதிபதி தேர்தலில் நிற்க விட்டதில்லை.

சல்லடையில் விழுந்தவர்கள் எல்லாம் ஆட்சியின் விரோதிகளா? அதுவும் இல்லை. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த ரப்சஞ்சானி 2013–ம் ஆண்டில் தள்ளப்பட்டார். இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த அகமதிநெஜாத் 2017, 2021, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தள்ளப்பட்டார். குடியரசை நிறுவிய கோமேனியின் பேரன் ஹசன் கோமேனி, நிபுணர் சபைத் தேர்தலில் நிற்க விரும்பினார். 2016–ம் ஆண்டில் அவர் மனுவும் தள்ளுபடி!

பரீட்சைத் தாளைத் திருத்துவது யார்?

நிபுணர் சபை என்பது என்ன? உச்ச தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சபை அது. 88 மத குருமார் அதில் இருக்கிறார்கள். தலைவர் தகுதி இழந்தால் அவரை நீக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கு உண்டு. அந்த 88 பேரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

"பார்த்தீர்களா! தலைவரை மக்களின் பிரதிநிதிகள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? பிரிட்டிஷ் பிரதமரையும் பார்லிமெண்டு மெம்பர்கள்தானே ஏற்றுக்கொள்கிறார்கள்? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஈரான் தரப்பார் கேட்கிறார்கள்.

வித்தியாசம் இதுதான். நிபுணர் சபைக்கு யார் நிற்கலாம் என்று முடிவு செய்வதும் காவலர் சபையே. காவலர் சபையை அமைப்பது உச்ச தலைவர். உச்ச தலைவரைக் கண்காணிப்பது நிபுணர் சபை.

பரீட்சை எழுதும் பையன், தாள் திருத்தும் வாத்தியார்களின் பட்டியலைத் தன் ஆட்களைக் கொண்டு தயாரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது இந்த ஏற்பாடு. பையன் நன்றாகவே எழுதியிருக்கலாம். ஆனாலும் ஊரார் அந்த மார்க்கை நம்புவார்களா?

1989–ம் ஆண்டு ஜூன் 3–ந் தேதி கோமேனி காலமானார். மறுநாளே நிபுணர் சபை கூடி அலி காமெனியைத் தலைவராக்கியது. உச்ச தலைவர், மார்க்க அறிஞர்களில் மிக உயர்ந்த படியில் இருப்பவராக இருக்கவேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. காமெனி அந்தப் படியில் இருக்கவில்லை. பிறகு சட்டத்தைத் திருத்தி, ஜூலை மாதம் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். முதலில் ஆள், அதற்குப் பிறகு சட்டம்!

1983 முதல் கூடிவரும் நிபுணர் சபை, இதுவரை ஒரு தலைவரையும் பதவியிலிருந்து நீக்கியதில்லை.

ஒரே ஒரு கடிதம்

இத்தனைக்குப் பிறகும் ஈரான் மக்கள் ஓட்டுச் சாவடியை நம்பினார்கள் என்பது ஆச்சரியம்.

1997–ம் ஆண்டில் முகமது கதாமி சீர்திருத்தம் பேசினார். சுமார் 2 கோடிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். பெண்களும் இளைஞர்களும் வரிசையில் நின்றார்கள். 2000–ம் ஆண்டில் பார்லிமெண்டிலும் சீர்திருத்தக்காரர்களே ஜெயித்தார்கள்.

அந்தப் பார்லிமெண்டு முதல் வேலையாகப் பத்திரிகைச் சட்டத்தைத் திருத்த முயன்றது. 2000 ஆகஸ்டில் உச்ச தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திருத்தம் வேண்டாம் என்று அதில் இருந்தது. விவாதம் நின்றுவிட்டது.

கோடிக் கணக்கான ஓட்டு ஒரு பக்கம். ஒரு கடிதம் ஒரு பக்கம். கடிதம் ஜெயித்தது.

2004–ம் ஆண்டுத் தேர்தலில் 80–க்கும் மேற்பட்ட பார்லிமெண்டு மெம்பர்களுக்கே மறுபடி நிற்க அனுமதி கிடைக்கவில்லை.

ஈரான் தரப்பின் நல்ல வாதம்

ஈரான் தரப்பில் சொல்வதை எல்லாம் தள்ளிவிட முடியாது.

ஈராக்குடன் 8 ஆண்டுப் போர் நடந்தது. அப்போதும் ஈரான் தேர்தலை நிறுத்தவில்லை. 1981–ம் ஆண்டு ஆகஸ்டு 30–ந் தேதி ஜனாதிபதி ரஜாய் குண்டு வெடித்து இறந்தார். அக்டோபர் 2–ந் தேதி புதிய ஜனாதிபதிக்குத் தேர்தல் நடந்துவிட்டது. 2024–ம் ஆண்டு மே 19–ந் தேதி ஜனாதிபதி ரைசி ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். 50 நாட்களுக்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்ற சட்டத்தின்படி, ஜூன் 28–ந் தேதி ஓட்டுப்பதிவு தொடங்கியது.

பார்லிமெண்டில் 290 இடங்கள். அதில் 5 இடங்கள் கிறிஸ்தவர்களுக்கும், யூதர்களுக்கும், பார்சிகளின் மூதாதையர் மதமான ஜொராஸ்டிரிய மதத்தினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

அக்கம்பக்கத்தில் பார்த்தால் சவூதி அரேபியாவில் அரசர் ஆட்சி. நாட்டை ஆளுவோரை மக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்தலே அங்கு இல்லை. அமெரிக்காவும் இங்கிலாந்தும் அந்த அரசர்களுடன் கை குலுக்குகின்றன, ஆயுதம் விற்கின்றன.

"அரைத் தேர்தல் நடத்தும் எங்களைத் திட்டுகிறீர்கள். தேர்தலே நடத்தாதவரைத் தோளில் தட்டுகிறீர்கள். இது என்ன நியாயம்?" என்று ஈரான்காரர் கேட்டால், மேல்நாட்டாரிடம் பதில் இல்லை.

மேல்நாட்டு வீட்டில் ஒழுகும் கூரை

மேல்நாட்டு ஜனநாயகமும் பழுதில்லாத பாண்டம் அல்ல.

இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு அதற்கு ஒருவரும் வருவதில்லை. அதில் 26 இடங்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகளுக்கு உரியவை. ஈரானில் மத குருமார் சட்டசபையில் உட்காருகிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள், தங்கள் வீட்டுத் திண்ணையையும் பார்க்கவேண்டும்.

2022–ம் ஆண்டில் பிரதமர் போரிஸ் ஜான்சன் ராஜினாமா செய்தார். அடுத்த பிரதமரைக் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். லிஸ் டிரஸ் பெற்ற ஓட்டு 81,326. ஆறரைக் கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள நாட்டுக்கு அந்த ஓட்டில் ஒரு பிரதமர்! அவர் 49 நாள்தான் நீடித்தார். அடுத்து வந்த ரிஷி சுனக்குக்குக் கட்சி உறுப்பினர்களின் ஓட்டெடுப்பும் நடக்கவில்லை. போட்டியே இல்லாமல் பதவி ஏற்றார்.

2024–ம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது சுமார் 34 சதவீத ஓட்டு. கிடைத்ததோ 650 இடங்களில் 411 இடங்கள்.

அமெரிக்காவில் 2000–ம் ஆண்டில் ஜார்ஜ் புஷ்ஷை விட அல் கோர் 5 லட்சத்துக்கு மேல் கூடுதல் ஓட்டு வாங்கினார். ஜனாதிபதி ஆனவர் புஷ். 2016–ம் ஆண்டில் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். ஜனாதிபதி ஆனவர் டிரம்ப். மாநிலவாரியாகக் கணக்குப் பார்க்கும் பழைய முறை அங்கே இருப்பதே காரணம்.

பணம் என்ற சல்லடையும் அங்கே உண்டு. கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்துக்குத் தனியாகச் செலவு செய்வதற்கு வரம்பு கட்டக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2010–ம் ஆண்டில் தீர்ப்புச் சொன்னது.

இவ்வளவு ஓட்டை இருக்கும்போது, ஈரானும் மேல்நாடும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிட முடியாது. ஏன்?

வரும் வாசலும் போகும் வாசலும்

ஆட்சிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று உள்ளே வரும் வாசல். மற்றொன்று வெளியே போகும் வாசல்.

மேல்நாட்டில் உள்ளே வரும் வாசல் பல இடங்களில் கோணலாக இருக்கிறது. ஆனால் வெளியே போகும் வாசல் திறந்திருக்கிறது.

சுனக் எப்படி வந்தாரோ, 2024 ஜூலை 4–ந் தேதி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மறுநாள் அவர் பிரதமர் வீட்டைக் காலி செய்தார். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை.

1974–ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், தம்மிடம் இருந்த ஒலிப்பதிவு நாடாக்களைக் கொடுக்க மறுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 8 நீதிபதிகளும் ஒருமனதாக "கொடுக்கவேண்டும்" என்று தீர்ப்பளித்தார்கள். அவர்களில் 3 பேர் நிக்ஸனே நியமித்தவர்கள்! 16 நாட்களில் நிக்ஸன் ராஜினாமா செய்தார்.

வேலை கொடுத்தவருக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி ஒரு நாட்டில் இருந்தால், அந்த நாட்டின் கூரை ஒழுகினாலும் தூண் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தூணும் ஆடாமல் இல்லை. 2020–ம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற டிரம்ப், தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். 2021 ஜனவரி 6–ந் தேதி ஒரு கும்பல் அமெரிக்க காங்கிரஸ் கட்டிடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. என்றாலும், விடிவதற்குள் ஓட்டு எண்ணிக்கையைக் காங்கிரஸ் முடித்தது. டிரம்ப் தரப்பு போட்ட வழக்குகளை அவரே நியமித்த நீதிபதிகள் சிலரும் தள்ளினார்கள். ஜனவரி 20–ந் தேதி புதிய ஜனாதிபதி பதவி ஏற்றார். 2024–ம் ஆண்டில் டிரம்ப் மறுபடி ஜெயித்தார். அப்போது தோற்ற தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

ஈரானில் ஜனாதிபதி போகும் வாசல் உண்டு. இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து அவர் இருக்க முடியாது. ஆனால் உச்ச தலைவருக்கு மக்கள் கையால் திறக்கும் வாசல் இல்லை. 1989–ல் வந்த காமெனி 35 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் இருந்தார். அதற்குள் அமெரிக்காவில் 6 ஜனாதிபதிகளை மக்கள் பார்த்துவிட்டார்கள்.

"எங்கள் ஓட்டு எங்கே?"

வாசல் அடைத்திருந்தால் ஜனங்கள் தெருவுக்கு வருவார்கள். ஈரானில் அதுதான் நடந்தது.

2009–ம் ஆண்டுத் தேர்தலில் அகமதிநெஜாத் 62 சதவீத ஓட்டுடன் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. எதிர்த்து நின்ற மூசவியின் ஆதரவாளர்கள் நம்பவில்லை. "எங்கள் ஓட்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் டெஹ்ரான் வீதிகளில் திரண்டார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. 2011–ம் ஆண்டில் மூசவி வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவர் போர்க் காலத்தில் 8 ஆண்டு பிரதமராக இருந்தவர்!

2022–ம் ஆண்டு செப்டம்பரில் மாஷா அமினி என்ற 22 வயதுப் பெண், தலைத்துணி விதிக்காகப் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோது மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இறந்தார். "பெண், வாழ்வு, விடுதலை" என்ற கோஷத்துடன் நாடு முழுவதும் கிளர்ச்சி. ஐக்கிய நாடுகள் சபை நியமித்த விசாரணைக் குழுவின் கணக்குப்படி, கிளர்ச்சியில் 551 பேர் வரை கொல்லப்பட்டார்கள். அவர்களில் 68 பேர் குழந்தைகள்.

ஓட்டால் கேட்க முடியாததைத் தெருவில் நின்று கேட்டார்கள். அதற்குக் கொடுத்த விலை அது.

வராத ஓட்டர்கள்

ஈரான் தலைவர்கள் பல ஆண்டுகளாக ஒரு கணக்கைப் பெருமையாகச் சொல்லி வந்தார்கள். "ஓட்டுப் போட இத்தனை ஜனங்கள் வருகிறார்களே, அதுவே எங்கள் ஆட்சிக்குச் சாட்சி" என்பது அவர்கள் வாதம்.

அந்தச் சாட்சியே இப்போது மாறிப் பேசுகிறது.

1997–ல் சுமார் 80 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2017–ல் 73 சதவீதம். 2021–ல் 49 சதவீதம்கூட இல்லை. அந்தத் தேர்தலில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெயித்த ரைசிக்கு 1 கோடியே 80 லட்சம் ஓட்டு. இரண்டாவது இடத்தில் வந்தது எந்த வேட்பாளரும் அல்ல. 37 லட்சம் செல்லாத ஓட்டுகள்!

2024 ஜூன் 28–ந் தேதி நடந்த முதல் சுற்றில் ஓட்டுரிமை உள்ளவர்கள் 6 கோடியே 14 லட்சம் பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2 கோடியே 45 லட்சம் பேர். நூற்றுக்கு 60 பேர் சாவடிப் பக்கமே வரவில்லை. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் கூடியது. அப்போதும் பாதியை எட்டவில்லை. மசூத் பெசெஷ்கியான் 1 கோடியே 63 லட்சம் ஓட்டுடன் ஜெயித்தார்.

இங்கிலாந்தில் மட்டும் எல்லோரும் ஓட்டுப் போட்டார்களா? அதே ஆண்டில் அங்கே சுமார் 60 சதவீதம் பேர்தான் போட்டார்கள். ஆனால் ஓட்டுப் போடாத பிரிட்டிஷ்காரருக்கு வேறு வழிகளும் உண்டு. பத்திரிகையில் திட்டலாம். புதுக் கட்சி தொடங்கலாம். ஊர்வலம் போகலாம். வீட்டில் உட்காருவது அவருக்குச் சோம்பலாக இருக்கலாம். ஈரான்காரருக்கோ அதுதான் ஆபத்து இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே "வேண்டாம்".

சாவி யார் கையில்?

தராசின் முள் எங்கே நிற்கிறது?

ஈரானின் ஆட்சி முறைக்கு மக்கள் ஆதரவே கிடையாது என்று சொல்வது தவறு. அதை மனதார நம்புகிறவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. 2024–ல் ஆட்சியின் கடுமையான பிடிவாதக்காரரான ஜலிலிக்கு 1 கோடியே 35 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. ஆனால் "வேண்டாம்" என்று சொல்ல வழி வைக்காத ஆட்சி, "வேண்டும்" என்ற குரலை மட்டும் சாட்சிக்கு அழைக்க முடியாது. அந்த இடத்தில் மேல்நாட்டுத் தலைவர்களின் உரிமை பலமானது.

ஆனால் அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. பிரிட்டிஷ் மக்கள் கொடுத்த ஓட்டு, பிரிட்டனை ஆளத்தான். அமெரிக்க மக்கள் கொடுத்த ஓட்டு, அமெரிக்காவை ஆளத்தான். பக்கத்து வீட்டுக்கு எஜமானை நியமிக்கும் அதிகாரம் அந்த ஓட்டில் இல்லை.

2003–ம் ஆண்டில் ஓட்டு வாங்கிய இரண்டு தலைவர்கள், புஷ்ஷும் பிளேரும், ஈராக் மீது படையெடுத்தார்கள். பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சமாதான வழிகள் தீருவதற்கு முன்பே போரில் இறங்கினார்கள் என்று 2016–ல் பிரிட்டிஷ் விசாரணைக் குழுவே சொன்னது. ஈராக்கில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்த பிறகு வந்த தீர்ப்பு அது!

1953–லும் அதே கதைதான். வெளியார் வைத்த அரசர் 25 ஆண்டு இருந்தார். அவர்மீது வந்த கோபத்தில் மக்கள் மத குருமாரை வரவேற்றார்கள். அன்று பார்லிமெண்டை வளரவிட்டிருந்தால், மொசாதிக்கின் குறையை அடுத்த தேர்தலில் ஈரான் மக்களே திருத்தியிருக்கக்கூடும்.

ஈரானில் யார் ஆளவேண்டும் என்பதை வாஷிங்டனும் சொல்லவேண்டாம், லண்டனும் சொல்லவேண்டாம். 12 பேர் கொண்ட சபையும் சொல்லவேண்டாம்.

2024 ஜூன் மாதம் ஓட்டுச் சாவடிக்கு வராமல் வீட்டில் இருந்தார்களே, அந்த மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைக் கேட்கவேண்டும். வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவர்கள் பயம் இல்லாமல் பதில் சொல்லும் நாள் வந்தால், ஆளும் உரிமை யாருக்கு என்ற வாக்குவாதம் அன்றே தீர்ந்துவிடும்.